சாவி அச்சடித்த துணி

என் அத்தை தன்னுடைய கல்யாணச் சீர்க்கட்டிலை ரம்பம் போட்டு அறுத்ததிலிருந்து இதைத் தொடங்கினால்தான் சரியாக இருக்கும். அது கீழ்பென்னாத்தூருக்குப் போய், மாமா வீட்டு வாசற்படியில் நுழையவில்லை என்று போன வண்டியிலேயே திரும்பி வந்த கட்டில். நாலு வருஷம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளைச் சுமந்துகொண்டு நின்றது. பிறகு ஒரு ஆடி மாதத்தில் அத்தையும் அதேபோலத் திரும்பி வந்தாள். கட்டில் ஏன் வந்தது என்பதாவது எல்லோருக்கும் தெரியும். அத்தை ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒத்துவரவில்லையாம் என்று அம்மா எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது. செருப்பு ஒத்துவராத மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய சந்தில் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி முன்பின் தெரியாதவர்கள் எங்கள் குழாயடியில் கால் கழுவிவிட்டு, நன்றி சொல்லாமல் போவார்கள். அப்பா டவுனில் கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர். வருகிறவர்களுக்கெல்லாம் ரூம் கொடுப்பதே அவர் வேலை என்பதால், தங்கச்சிக்கு இடம் கொடுக்க யோசிக்கிறார் என்று வெளியே தெரிவதில் அவருக்கு ரொம்பச் சங்கடம். அப்பா கெட்டவர் இல்லை. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் நியாயம் என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான்.

அத்தை சும்மா உட்காரவில்லை. டவுனில் பெண்களுக்கென்று நடந்த ஏதோ ஒரு தொழிற்பயிற்சியில் பத்து நாள் உட்கார்ந்து ஸ்கிரீன் பிரிண்டிங் கற்றுக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், மெஷின் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் ரம்பச் சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டில் மல்லாந்து கிடக்கிறது, அத்தை அதன் காலை மிதித்துக்கொண்டு அறுக்கிறாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சீர்க்கட்டிலை அறுப்பது நல்ல சகுனம் இல்லை என்று எதிர்வீட்டு அக்கா தெரு முழுக்கக் கேட்கும்படி ரகசியமாகச் சொன்னாள். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படுக்காத கட்டிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கட்டிலின் ஒரு துண்டுகூட வீணாகவில்லை. பலகைகள் மேஜையாயின. குறுக்குச் சட்டங்கள் நாலையும் ஒட்டிச் சதுரமாக ஃபிரேம் அடித்தாள். அதில் நைலான் வலைத்துணியை இழுத்து இழுத்து ஆணி அடித்ததில் அத்தையின் கட்டைவிரல் வீங்கிவிட்டது. விரலால் சுண்டினால் உறுமி மாதிரி சத்தம் வர வேண்டும் என்பாள். நான்தான் சுண்டிப் பார்ப்பேன். உடைந்த பீரோக் கதவின் கீல் இரண்டைக் கழற்றி, ஃபிரேமை மேஜையோடு பிணைத்தாள். புத்தகத்தைப் புரட்டுவதுபோல ஃபிரேம் எழுந்து எழுந்து உட்காரும். கட்டில் காலை இழைத்து, அதன் அடியில் ரப்பர் பட்டையைச் செருகி, மையை இழுக்கிற கட்டை செய்தாள். அதை இழுக்கும்போது அத்தையின் இடதுகை மணிக்கட்டு முழுசாக மடங்காது. முழங்கையை ஊன்றிக்கொண்டு வலதுகையால் இழுப்பாள். அந்தப் புழுக்கத்திலும் முழங்கைக்குக் கீழே இறங்குகிற கை வைத்த ரவிக்கைதான் போடுவாள். எனக்கு அது புது ஃபேஷனாகத் தெரிந்தது. எனக்கும் அப்படித் தைத்துத் தரச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன். அம்மா ஏனோ வள்ளென்று விழுந்தாள்.

முதல் சோதனைக்கு என்னைத்தான் கூட வைத்துக்கொண்டாள். ஃபிரேமின் வலையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு மருந்தைப் பூசி, இருட்டில் காயவைத்து, பிறகு வெயிலுக்குக் கொண்டுவந்து அதன்மேல் எங்கள் பீரோச் சாவியை வைத்தாள். சில நிமிஷம் பொறுத்து, சாவியை எடுத்துவிட்டுக் குழாயில் காட்டினாள். நான் பார்த்துக்கொண்டே இருக்க, சாவி இருந்த இடத்தில் மட்டும் மருந்து கரைந்து ஓடியது. மற்ற இடமெல்லாம் தோல்போல இறுகிப்போயிருந்தது.

அத்தை சொன்னாள்: "வெளிச்சம் பட்டா இந்த மருந்து கல்லாயிடும் கண்ணு. எது மறைச்சிதோ அதோட உருவம் மட்டும்தான் தொறந்துக்கும்."

ஃபிரேமின் கீழே ஒரு பழைய வேட்டித் துண்டை விரித்து, நீல மையை ஊற்றி இழுத்தோம். தூக்கிப் பார்த்தால் துணியில் நீலச் சாவி. பல்லெல்லாம் சுத்தமாக விழுந்திருந்தது. அந்தத் துணியை அத்தை எனக்கே கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்குக் கைக்குட்டையாகக் கொண்டுபோய், என் அத்தை அச்சாபீஸ் வைத்திருக்கிறாள் என்று அளந்தேன்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர் இருந்தார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தாம்பூலப் பை அந்த மண்டபமே போட்டுக்கொடுக்கும். அத்தையின் வேலையை முதலில் ஒரு விசேஷத்தில் பார்க்கிறேன், நன்றாக இருந்தால் மொத்தத்தையும் அவளுக்கே தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அப்படி ஒரு விசேஷத்துக்காக அத்தை காத்திருந்தாள். விசேஷத்தை நான்தான் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை முடிந்த இரண்டாம் நாள் வயசுக்கு வந்தேன்.

வீட்டில் தனியாக உட்காரவைக்க ஒரே ஒரு அறைதான் இருந்தது. மூட்டைகள் அடுக்கிய பின்னறை. அதுதான் அத்தையின் இருட்டறையும்கூட. மேற்குச் சுவரில் உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலுக்குப் புடவைப் பெட்டி அட்டையை வெட்டிச் செருகியிருந்தாள். அம்மா அந்த ஜன்னலிலும் கதவு நிலையிலும் வேப்பிலைக் கொத்து செருகினாள். ஒரு பக்கம் உலக்கையைப் படுக்கவைத்தாள். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு சொம்பு, ஒரு பாய். என்னை யாரும் தொடக்கூடாது, நானும் எதையும் தொடக்கூடாது. அத்தை மட்டும் வேலைக்கு வருகிற சாக்கில் வந்து என் பாயிலேயே உட்கார்ந்து, என் தலையை வாரிவிட்டுப் போவாள். போய்க் குளித்தாளா என்று அம்மா கேட்டால் குளித்தேன் என்பாள். ஒருநாளும் குளித்ததில்லை.

மருந்து பூசிய ஃபிரேமை நான் இருக்கிற அறையில் வைக்கக்கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதமாக நின்றாள். அப்பாவும் தலையாட்டினார். வேறு இருட்டான இடம் வீட்டில் எங்கே என்று அத்தை கேட்ட பிறகுதான் இரண்டு பேரும் விட்டார்கள்.

"மருந்துக்கு வெளிச்சம்தான் ஆவாது அண்ணி," என்றாள் அத்தை. "தீட்டெல்லாம் அதுக்குத் தெரியாது."

அன்றைக்கு அப்பா சொன்னதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். விழாவுக்கு மாமா வீட்டாரை அழைத்துத்தான் ஆகவேண்டும். எனக்கு முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அத்தை, அதுவும் மாமாவோடு தம்பதியாக நின்று. வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போகக் கேட்பார்கள். அதைச் சொல்லிவிட்டு அப்பா குரலைத் தணித்துக்கொண்டார்.

"தொழில்னு ஒன்னு நின்னுட்டா நான் அவங்க மூஞ்சிக்கு நேரா பேசுவேம்மா. ஒன்னும் இல்லாம பேசச் சொன்னா நான் இன்னாத்தப் பேசறது?"

அத்தை அதற்குச் சரி என்றாள். பை நன்றாக வந்தால் அத்தை இருப்பாள், வராவிட்டால் போவாள். எனக்குத் தெரியாது என்று இன்றைக்கு நான் சொல்லிக்கொள்ள முடியாதபடி இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அந்தப் பையின் மாதிரியை அத்தை முதலில் என்னிடம்தான் காட்டினாள். மெல்லிய பிலிமில் கறுப்பாக, நடுவில் பெரிய கும்பம். அதன்மேல் மஞ்சள் நீராட்டு விழா என்று வளைவாக எழுத்து. கீழே செல்வி என்று போட்டு என் பேர், முழுப் பேர், இனிஷியலோடு. முன்னூறு மஞ்சள் பைகள் மூலையில் கட்டாக இருந்தன. அத்தையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. நானோ பிலிமிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன்.

காரணம் இருந்தது. போன வருஷம் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்திக்கு விழா நடந்து, அங்கே கொடுத்த தாம்பூலப் பையில் எங்கள் டியூஷன் சார் பேப்பர் கட்டைக் கொண்டுவந்துவிட்டார். பையன்கள் விடுவார்களா? பையை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டி, மணி அடித்து, கற்பூரம் காட்டுவதுபோல நடித்தார்கள். அந்தப் பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்தவள் டியூஷன் முடியும்வரை நிமிரவில்லை. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் என் பை எந்த ஜன்னலில் தொங்கும், யார் யார் சிரிப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு ஆள் ஆளாகத் தெரிந்தது. உடம்பில் நடந்ததை ஊருக்கே முன்னூறு பிரதி அச்சடித்துக் கொடுக்கப் போகிறார்கள். அதையும் என் அத்தையே தன் கையால் செய்யப்போகிறாள்.

பேர் இல்லாமல் போட முடியாதா என்று அத்தையிடம் ஒரு தடவை கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை; பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே கேட்டேன். பேர் போடாவிட்டால் பை எதற்கு என்று சிரித்தாள். இன்னும் ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையில் மருந்து பூசிய ஃபிரேமைக் கொண்டுவந்து மூட்டைகளின் மேல் படுக்கவைத்தாள். மூன்று மணிக்குக் காய்ந்திருக்கும், எடுத்துக்கொள்கிறேன், அதுவரை கதவைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள். இருட்டில் அது என் பக்கத்தில் படுத்திருந்தது. மருந்து வாடை வந்தது. என்னால் முடிந்தவரைக்கும் சும்மாதான் இருந்தேன். பிறகு எழுந்தேன். உலக்கையைச் சுவரில் சாய்த்து, அதன் முனையால் ஜன்னல் அட்டையை நெம்பினேன். அட்டை சரிந்ததும் மேற்கு வெயில் சல்லென்று உள்ளே இறங்கி மூட்டைகளின் மேல் விழுந்தது. ஃபிரேமின் மேல் பாதிதான் விழுந்தது. நான் ஃபிரேமை இழுத்து வெயிலுக்கு நடுவில் வைத்தேன்.

கை தவறி நடந்தது, விளையாட்டாகச் செய்தேன் என்றெல்லாம் சொல்ல வழி இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இழுத்து வைத்தேன். வெயில் நகர்ந்தபோது ஃபிரேமையும் கூடவே நகர்த்தினேன். போதும் என்று தோன்றியதும் மூட்டைமேல் ஏறி அட்டையைச் செருகினேன். ஜன்னலில் இருந்த வேப்பிலைக் கொத்திலிருந்து, அட்டையை நெம்பியபோதே உதிர்ந்த நாலைந்து காய்ந்த இலைகள் வலையின் மேல் ஒட்டிக் கிடந்தன. கையால் தட்டிவிட்டேன். பிறகு பாயில் வந்து உட்கார்ந்து, நல்ல பிள்ளையாகக் காலை மடக்கிக்கொண்டேன்.

அத்தை வந்து ஃபிரேமை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள். குழாயடியில் அப்பா, அம்மா, எதிர்வீட்டு அக்கா எல்லோரும் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்கள். நான் கதவைத் துளி திறந்துவைத்துக்கொண்டு பார்த்தேன். பிலிமை வைத்து, அதன்மேல் கண்ணாடி வைத்து, வெயிலில் காட்டி, கண்ணாடியை எடுத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தாள். தண்ணீர் ஓடியது. எழுத்து திறக்கவில்லை. இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள். விரலால் தேய்த்தாள். என் பேர் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் எழுந்தது. இன்றைக்கும் அந்தத் துள்ளலை நினைத்தால்தான் எனக்கு ரொம்பக் கேவலமாக இருக்கிறது.

அப்போதுதான் நடுவில் ஏதோ கரைந்தது. கும்பம் வரவேண்டிய இடத்தில், கும்பம் வரவில்லை. மூன்று சின்ன இலைகள் வந்தன. ஓரத்தில் ரம்பம்போல வெட்டு வெட்டாக, காம்பு வளைவோடு, மூன்று வேப்பிலைகள்.

எதிர்வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அவள் சொன்னதும் அம்மாவுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. கும்பம் இருக்கிற இடத்தில் வேப்பிலை நின்றால் அது யார் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அம்மா உள்ளே ஓடிப்போய்க் கற்பூரத்தோடு வந்தாள். ஈரம் சொட்டுகிற ஃபிரேமுக்கு, மண்ணில் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தீட்டு அதுக்குத் தெரியாதுன்னியே," என்றார் அத்தையிடம். "தெரிஞ்சிருக்குது பாரு."

அத்தை கற்பூரம் அணையும்வரை பொறுத்திருந்து, ஃபிரேமைத் தூக்கி வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அந்த மூன்று இலைகள் வழியாக வெயில் அவள் முகத்தில் விழுந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, கதவு இடுக்கில் இருந்த என்னைப் பார்த்தாள். நேராக நடந்து வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டாள்.

"கண்ணு, ஜன்னல் அட்டைய எடுத்தியா?"

"இல்ல அத்த."

அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. சரி என்று ஒரு சொல் சொன்னாள். திரும்பிப் போய்க் குழாயை மூடினாள்.

வெளிச்சம் பட்டிருக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். வேறு வலை வாங்கி, வேறு மருந்து வாங்கி, நாலு நாளில் திரும்பவும் செய்ய நேரம் இருந்தது. ஆனால் அந்த அறையில் இருந்தது நான் ஒருத்திதான். அம்மா நடுங்கின நடுக்கத்துக்கும் அப்பா இருந்த நிலைக்கும் அன்றைக்கு என் தோல் உரிந்திருக்கும். இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு இருந்ததெல்லாம் தப்பித்த சந்தோஷம்தான். தீட்டு என்று ஒன்று இருப்பது எவ்வளவு வசதி என்று நினைத்தேன். பழியை அது வாங்கிக்கொண்டுவிட்டது. வீட்டில் ஒரே ஒருத்தி அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வாயை நான் அடைத்துவிட்டேன்.

மேஜையைச் சந்துப் பக்கம் தூக்கிப்போட்டார்கள். ஃபிரேமை என்ன செய்வது என்று அப்பாவுக்குக் குழப்பம். ஆத்தா வந்ததை விறகாக்க முடியாது, வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாது. கடைசியில் மஞ்சள் துணியில் சுற்றி அம்மன் கோயில் பின்னால் வைத்துவிட்டு வந்தார். அம்மா பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். முன்னூறு மஞ்சள் பைகளும் வெறும் பைகளாகவே கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

இதில் என் கெட்டிக்காரத்தனம் எங்கே கொண்டுவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா டவுனில் ஒரு கடையில் அவசரமாகப் பைக்கு ஆர்டர் கொடுத்தார். அந்தக் கடைக்காரர் பேரோடு விடவில்லை. ஸ்டூடியோவில் கன்னத்துக்கு ரோஸ் பவுடர் பூசி எடுத்த என் போட்டோவைக் கலரில், இரண்டு பக்கமும் போட்டுக் கொடுத்துவிட்டார். தண்ணீர் பட்டாலும் கிழியாத பை. அத்தை ஒரு நிறத்தில் பேரை மட்டும் போட்டிருப்பாள். நாலு தடவை துவைத்தால் மங்கியிருக்கும். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், பஸ் ஸ்டாண்டில், காய்கறிக்கடையில், கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டுகிறவரின் சைக்கிள் ஹேண்டில்பாரில் என்று என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு நடந்தேன். பள்ளிக்கூட ஜன்னலிலும் தொங்கியது. பையன்கள் மணி அடித்தார்கள்.

விழாவுக்கு மாமா வெள்ளை வேட்டி சட்டையில், தட்டு வரிசையோடு வந்தார். ரொம்ப மரியாதையான ஆள். அப்பாவை வாய் நிறைய மச்சான் மச்சான் என்றார். எனக்குப் பெரிய சாக்லேட் டப்பா கொடுத்தார். எவ்வளவு நல்ல மாமா, அத்தைக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இருவரும் தம்பதியாக நின்று எனக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அத்தையின் விரல்களில் மருந்துக் கறை இன்னும் போகவில்லை. தண்ணீர் கண்ணில் படாமல் என் நெற்றியில் அந்தக் கையை அணையாக வைத்துக்கொண்டாள். மண்டபத்து மேனேஜர் பையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கடையில் அடித்தது என்று அப்பாவிடம் விலாசம் கேட்டுக்கொண்டார். அப்பா யாரிடமும் எதுவும் பேசவில்லை. பேச அவரிடம் ஒன்றும் இல்லை.

அத்தை இப்போதும் கீழ்பென்னாத்தூரில்தான் இருக்கிறாள். வீட்டு விசேஷங்களுக்கு வருவாள். வெயில் காலத்திலும் நீளக் கை ரவிக்கைதான். அந்த ரவிக்கை எதற்கு என்று எனக்கு விளங்க, எனக்குக் கல்யாணமாகி, அம்மா ஒருநாள் சமையலறையில் வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாமா முறுக்கின மணிக்கட்டைப் பற்றியும் சொன்னாள். கட்டில் கீழ்பென்னாத்தூரிலிருந்து திரும்பி வந்தது வாசற்படியால் இல்லை, அவர்கள் இன்னும் பெரிய கட்டில் கேட்டதால் என்றும் சொன்னாள். கீழ்பென்னாத்தூர் என்றால் எனக்குச் சின்ன வயசில் பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற ஊர், அவ்வளவுதான். அத்தையை நான் ஒரு பக்கத்து ஊருக்கு அனுப்பியதாகத்தான் நினைத்திருந்தேன். நான்தான் அட்டையை எடுத்தேன் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன். வாய்வரைக்கும் வரும். அவள் என் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பாள். முழுங்கிவிடுவேன்.

விழா முடிந்த சாயங்காலம் மாமா வீட்டு வேன் சந்து முனையில் நின்றது. அத்தை தன் டிரங்குப் பெட்டியை எடுக்கப் பின்னறைக்கு வந்தாள். நான் பட்டுப்பாவாடையோடு அங்கேதான் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். அவள் பெட்டியை இழுத்தாள். பெட்டிக்கு அடியில் அந்தத் துணி கிடந்தது. நீலச் சாவி அச்சடித்த வேட்டித் துண்டு. வேப்பிலை வந்த அன்றைக்கே நான் அதை அங்கே ஒளித்துவைத்திருந்தேன். அதை யாராவது எடுத்து அப்பாவிடம் காட்டி, சாவி எப்படி வந்ததோ அப்படித்தான் இலையும் வந்தது என்று சொல்லிவிட்டால் என் கதை கந்தலாகிவிடும் என்று அந்த வயசிலேயே எனக்கு மூளை வேலை செய்திருக்கிறது.

அத்தை அதை எடுத்து விரித்துப் பார்த்தாள். அப்பா வெளியே பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார். வேனில் ஹாரன் அடித்தார்கள். அவள் துணியை நாலாக மடித்தாள். ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்து, பக்கத்து மூட்டையை அதன்மேல் நகர்த்திவிட்டு, என் கன்னத்தைத் தொட்டு, போய்ட்டு வரேன் கண்ணு என்று சொல்லிப் போனாள்.

அது என்ன துணி என்பது அத்தைக்கு மறந்துபோயிருக்கிறது என்று நினைத்து, நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.